லோடு வண்டிக்கு பாடி கட்ட ஐடிஐ வெல்டிங் மாணவர்களால் முடியுமா? புதுக்கோட்டை மாணவர்களும் பெற்றோரும் தெரிஞ்சுக்க வேண்டியவை

கீரமங்கலத்துப் பூ, ஆலங்குடி பக்கத்துப் பலாப்பழம், கோட்டைப்பட்டினத்து மீன், விராலிமலை ஜல்லிக்கட்டுக்குப் போகும் காளை. புதுக்கோட்டை மாவட்டத்தில் இது எல்லாமே ஏறுவது சின்ன லோடு வண்டியின் முதுகில்தான். எஞ்சினும் கேபினும் கம்பெனியில் இருந்து வரும். ஆனா சரக்கு உட்காரும் அந்த முதுகு, அதாவது 'பாடி', பல வண்டிகளுக்கு வெளியில் பட்டறையில்தான் கட்டப்படுகிறது. அதைக் கட்டுபவர் பெரும்பாலும் ஒரு வெல்டர்.

பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு "வெல்டிங் படிக்கலாமா?" என்று யோசிக்கும் மாணவர்களுக்கு ஒரு பிளாட்ஃபார்ம் பாடியைக் கட்டிப் பார்ப்பது நல்ல பாடம். அளவு, கணக்கு, வெல்டிங், சட்டம், பாதுகாப்பு எல்லாம் அந்த ஒரே வேலையில் வந்துவிடும். ஆனா அந்த வண்டி ரோட்டுக்கு வரும்போது சில கேள்விகளும் கூடவே வரும். மாணவர்கள் கட்டலாமா? யார் கையெழுத்துப் போடணும்? எது ஆபத்து? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக

• வெல்டர் தொழிற்பிரிவு ஐடிஐ-யில் ஒரு வருடப் படிப்பு. 8-ம் வகுப்பு தேர்ச்சி, குறைந்தது 14 வயது இருந்தால் போதும்.
• பாடத்திட்டத்தில் வருடத்துக்கு 150 மணி நேரம் பணியிடப் பயிற்சி அல்லது குழு புராஜெக்ட் உண்டு. பாடி ஃபிரேம் கட்டுவது அதற்குப் பொருத்தமான வேலை.
• மாணவர்கள் கட்டிப் பழகலாம். ரோட்டில் ஓடும் வண்டிக்கான பொறுப்பும் சான்றும் பாடி கட்டும் நிறுவனத்துடையது.
• சேஸிஸில் வெல்டிங் வைக்கக் கூடாது.
• பார்க்க அழகாக இருக்கும் வெல்டு எல்லாம் நல்ல வெல்டு கிடையாது. உடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பாடி கட்டுறதுன்னா என்ன?

வண்டிக் கம்பெனிகள் சில மாடல்களை முழு வண்டியாக விற்கின்றன. சிலவற்றை கேபினும் சேஸிஸும் மட்டுமாகக் கொடுக்கின்றன. அப்படி வாங்குபவர்கள் தங்கள் தொழிலுக்கு ஏற்ற மாதிரி பின்பக்கத்தைக் கட்டிக்கொள்வார்கள். மீனுக்கு ஒரு மாதிரி, வைக்கோலுக்கு ஒரு மாதிரி, கல்லுக்கு வேறு மாதிரி.

தமிழ்நாட்டில் லாரி பாடி என்றால் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி. பஸ் பாடி என்றால் கரூர். புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் திருச்சி இருக்கிறது. அங்கே பெல் நிறுவனத்தைச் சுற்றி ஃபேப்ரிகேஷன் தொழில் வளர்ந்தது. பெல்லின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975-ல் அங்கேதான் தொடங்கப்பட்டது. வெல்டிங் தெரிந்தவர்களுக்கு வேலை கிடைக்கும் வட்டாரத்தில்தான் நம்ம மாவட்டம் இருக்கிறது.

பிளாட்ஃபார்ம் பாடி, அதாவது மேலே கூரை இல்லாத தட்டையான தளம், எல்லாவற்றிலும் எளிமையானது. அதனால்தான் கற்றுக்கொள்பவர்களுக்கு அது ஏற்றது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணப் பள்ளிகளில் விவசாயப் பாடத்தோடு வெல்டிங்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். அந்த மாணவர்கள் தாங்களே கட்டிய டிரெய்லர்களை ஹூஸ்டன் கால்நடைக் கண்காட்சியில் போட்டிக்கு வைக்கிறார்கள். நம்ம ஊரில் இதற்கு நெருக்கமான இடம் ஐடிஐ.

எங்கே படிக்கலாம்?

மாவட்டத்தில் புதுக்கோட்டையிலும் விராலிமலையிலும் அரசு ஐடிஐ-கள் இருக்கின்றன. தனியார் ஐடிஐ-களும் உண்டு. ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை ஒட்டி ஆன்லைனில் விண்ணப்பம் தொடங்கும். எந்த ஐடிஐ-யில் எந்தத் தொழிற்பிரிவு, எத்தனை இடம் என்பதை வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் அந்த வருடப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசு ஐடிஐ-யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, ஷூ, புத்தகம், வரைபடக் கருவிகள் ஆகியவையும் கிடைக்கும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இந்த இரண்டு திட்டங்களிலும் ஐடிஐ படிப்பும் சேரும். யாருக்குப் பொருந்தும் என்ற விதிகளைச் சேரும்போது ஐடிஐ-யிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

பெண்கள் வெல்டிங் படிக்கலாமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட மாவட்டம் இது. அப்போதும் "பொம்பளைக்கு சைக்கிள் எதுக்கு?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். வெல்டிங்குக்குத் தேவை ஆடாத கையும் பொறுமையும்தான். சேர்க்கையில் ஆண், பெண் இரு பாலரும் விண்ணப்பிக்கலாம்.

பிளஸ் 2 வரை பள்ளியிலேயே படிக்க விரும்புபவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மேல்நிலைப் பள்ளிகளின் தொழிற்கல்விப் பிரிவில் அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மோட்டார் வாகனப் பொறியியல் போன்ற பாடங்கள் உள்ளன. அந்தப் பிரிவு எல்லா பள்ளிகளிலும் இருக்காது. விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

அந்த 150 மணி நேரம்

2022-ல் மாற்றப்பட்ட ஐடிஐ பாடத்திட்டத்தில் ஒரு வருடத்துக்கு 1,200 மணி நேரம் வகுப்பு. இதில் 840 மணி நேரம் பட்டறையில் செய்முறை, 240 மணி நேரம் தியரி, 120 மணி நேரம் வேலைக்குத் தேவையான பொதுத் திறன்கள். இதற்கு மேல் 150 மணி நேரம் பக்கத்துத் தொழிற்சாலையில் பணியிடப் பயிற்சி எடுக்கணும். அந்த வசதி கிடைக்காத இடத்தில் குழு புராஜெக்ட் கட்டாயம்.

பல இடங்களில் குழு புராஜெக்ட் என்றால் ஒரு கிரில் கேட், ஒரு டேபிள், ஒரு ஸ்டாண்டு. அதில் தப்பில்லை. ஆனா கேட்டில் ஒரு வெல்டு விட்டுப்போனால் கேட் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். லோடு வண்டியின் தளத்தில் ஒரு வெல்டு விட்டுப்போனால் பின்னால் வரும் பைக்காரரின் உயிர் போகலாம். மாணவருக்குத் தன் வேலையின் கனம் அங்கேதான் புரியும்.

எப்படிக் கட்டுவார்கள்? படிப்படியாகப் பார்க்கலாம்

1. முதலில் எடைக் கணக்கு

உதாரணத்துக்கு 2.7 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம் உள்ள ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 4.6 சதுர மீட்டர். இரும்பின் எடை ஒரு கன மீட்டருக்கு 7,850 கிலோ. அப்படிப் பார்த்தால் 3 மில்லிமீட்டர் தகடு போட்டால் தளம் மட்டும் சுமார் 108 கிலோ. அதையே "நல்லா கெட்டியா இருக்கட்டும்" என்று 5 மில்லிமீட்டரில் போட்டால் 180 கிலோ.

கீழே 75 மில்லிமீட்டர் சேனலில் இரண்டு நீளக் கட்டை, ஏழு குறுக்குக் கட்டை வைத்தால் மொத்தம் 17 மீட்டருக்கு மேல் வரும். மீட்டருக்கு சுமார் 7 கிலோ வீதம் 120 கிலோ ஆகும். ஆக, மெல்லிய தகட்டில் சுமார் 230 கிலோ, தடித்த தகட்டில் 300 கிலோ.

இந்த 70 கிலோ வித்தியாசம் ஏன் முக்கியம்? வண்டியின் மொத்த எடைக்கு ஆர்.சி. புத்தகத்தில் ஒரு உச்ச வரம்பு இருக்கிறது. பாடி கனமானால் ஏற்றக்கூடிய சரக்கு அந்த அளவுக்குக் குறையும். ஒவ்வொரு டிரிப்பிலும் ஒரு ஆளின் எடையை வண்டி சும்மா சுமந்துகொண்டு போகும். கெட்டியான தகடு போடுவதை விட, குறுக்குக் கட்டைகளைச் சரியான இடைவெளியில் வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

2. மூலை மட்டம்

வெட்டிய சேனல்களைத் தரையில் பரப்பி நாலு மூலைக்கும் மூலமட்டம் வைத்துப் பார்ப்பார்கள். அது மட்டும் போதாது. மூலைக்கு மூலை குறுக்காக டேப் பிடித்து இரண்டு பக்கமும் அளக்கணும். நம்ம உதாரணத்தில் இரண்டும் 3 மீட்டர் 19 சென்டிமீட்டர் வரணும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் ஃபிரேம் கோணல் என்று அர்த்தம். எட்டாம் வகுப்பில் படித்த பிதாகரஸ் தேற்றம்தான் இது.

3. டேக் முதலில், முழு வெல்டிங் கடைசியில்

வெல்டிங் வைத்த இடம் ஆறும்போது சுருங்கி இழுக்கும். ஒரு மூலையில் தொடங்கி வரிசையாக வைத்துக்கொண்டே போனால் கடைசியில் ஃபிரேம் வாழை இலை மாதிரி வளைந்து நிற்கும். அதனால் முதலில் எல்லா இடத்திலும் சின்னச் சின்ன டேக். மறுபடி குறுக்களவு. அப்புறம் எதிரெதிர் மூலைகளில் மாற்றி மாற்றி முழு வெல்டிங். தகட்டுக்கு நீளமாக ஒரே கோடு இழுக்காமல், விட்டு விட்டுத் துண்டு துண்டாக வைப்பார்கள்.

4. எந்த ராடு?

பட்டறைகளில் அதிகம் புழங்குவது 6013 ராடு. அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. முதலில் வரும் 60 அந்த வெல்டு உலோகத்தின் வலிமை. கணக்குப் போட்டால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு சுமார் 42 கிலோ இழுவையைத் தாங்கும். அடுத்த 1, எல்லா நிலையிலும் வெல்டிங் வைக்கலாம் என்பதைக் குறிக்கும். தடித்த, அதிகம் சுமை ஏறும் இணைப்புகளுக்கு 7018 ராடு பயன்படுத்துவார்கள். அந்த ராடு ஈரம் இழுக்கக் கூடாது. திறந்து போட்டு வைத்த பாக்கெட்டில் இருந்து எடுத்து வைத்தால் வெல்டில் விரிசல் விட வாய்ப்பு உண்டு.

சேஸிஸில் ஏன் வெல்டிங் வைக்கக் கூடாது?

சேஸிஸின் நீளக் கட்டைகள் சாதாரண இரும்பு கிடையாது. அதிக வலிமைக்காகத் தேர்ந்தெடுத்த எஃகு. அதில் வெல்டிங் சூடு பட்டால், பட்ட இடத்தைச் சுற்றி உலோகத்தின் தன்மை மாறிவிடும். வண்டி குண்டும் குழியுமான ரோட்டில் ஓட ஓட அந்த இடத்தில்தான் விரிசல் விழும். பெரும்பாலான வண்டிக் கம்பெனிகளின் பாடி கட்டும் கையேடுகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. சேஸிஸின் மேல், கீழ் விளிம்புகளில் ஓட்டை போடுவதற்கும் தடை உண்டு.

அப்போ பாடியை எப்படிப் பிடிக்க வைப்பது? சேஸிஸ் மேல் தனியாக ஒரு சப் ஃபிரேம், நடுவில் ரப்பர் அல்லது மரப் பட்டை. இரண்டையும் சேர்த்து யூ போல்ட்டும், கம்பெனி கொடுத்த பிராக்கெட்டுகளும் பிடித்துக்கொள்ளும்.

வண்டி மேல் வைத்து வெல்டிங் செய்ய வேண்டி வந்தால் முதல் வேலை பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுவது. இப்போதைய வண்டிகளில் எலக்ட்ரானிக் கண்ட்ரோல் யூனிட் இருக்கிறது. வெல்டிங் கரண்ட் அதில் பாய்ந்தால் பெரிய செலவு. எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டணும். டீசல் டேங்க், பிரேக் டியூப், ஒயரிங் ஆகியவற்றை மூடிப் பாதுகாக்கணும்.

அழகான வெல்டு நல்ல வெல்டா?

இதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி. கரண்ட் குறைவாக வைத்து ஓட்டினால், மேலே செதில் செதிலாக அழகான வெல்டு வரும். உள்ளே இரண்டு இரும்பும் உருகி ஒட்டியிருக்காது. மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. லோடு ஏறிய பிறகுதான் தெரியும்.

அதனால் வண்டியில் கை வைப்பதற்கு முன் ஒவ்வொரு மாணவரும் ஒரு சோதனையைச் செய்யணும். இரண்டு தகட்டுத் துண்டுகளை 'T' வடிவத்தில் நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் வைக்க வேண்டும். ஆறிய பிறகு வைஸில் பிடித்து, வெல்டு இருக்கும் பக்கம் நோக்கி சுத்தியலால் அடித்து மடக்க வேண்டும். வெல்டு உடைந்தால் உள்ளே பாருங்கள்.

• மூலை வரைக்கும் உலோகம் உருகிப் பிடித்திருக்கா?
• உள்ளே ஸ்லாக் கறுப்பாகச் சிக்கியிருக்கா?
• தேன்கூடு மாதிரி காற்று ஓட்டைகள் இருக்கா?

இது எதுவும் இல்லாமல் வெல்டு முழுதாகப் பிடித்திருந்தால், அல்லது உடையாமல் தகடு மடங்கினால், அந்த மாணவர் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஒரு துண்டு இரும்பும் ஒரு ராடும்தான் செலவு.

கட்டி முடித்த ஃபிரேமை உடைத்துப் பார்க்க முடியாது. அதற்கு சாயச் சோதனை இருக்கிறது. சுத்தம் செய்த வெல்டு மேல் சிவப்புச் சாயம் அடித்து, கொஞ்ச நேரம் ஊற விட்டு, துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பர் அடிப்பார்கள். மேல்பரப்பில் விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடு தெரியும். உள்ளே மறைந்திருக்கும் குறையை இது காட்டாது. அதனால்தான் முதல் சோதனை அவசியம்.

இன்னொரு கணக்கும் ஞாபகம் இருக்கட்டும். மூலை வெல்டின் பக்க அளவு 5 மில்லிமீட்டர் என்றால், சுமை தாங்கும் உண்மையான தடிமன் அதில் 0.7 பங்கு, அதாவது 3.5 மில்லிமீட்டர்தான். அளவில் கஞ்சத்தனம் காட்டினால் வலிமை அந்த விகிதத்தில் குறையும்.

சட்டம் என்ன சொல்கிறது?

• லாரி பாடிகளுக்கு ஏ.ஐ.எஸ். 093 என்ற தனி விதித்தொகுப்பு உண்டு. அதன்படி அங்கீகாரம் பெற்ற பாடி கட்டுநர்தான் கட்டித் தரணும்.
• பாடி வெளியில் கட்டப்பட்ட வண்டியைப் பதிவு செய்யும்போது 22ஏ படிவம் தேவை. முதல் பகுதியில் வண்டி தயாரித்த கம்பெனியும், இரண்டாம் பகுதியில் பாடி கட்டியவரும் சான்று தரணும்.
• வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, முன் பின் சக்கரங்களுக்கு இடையில் உள்ள தூரத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.
• பதிவான வண்டியை அனுமதி இல்லாமல் மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.
• அதிக பாரம் ஏற்றினால் 194-வது பிரிவின்படி 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். சரக்கு பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000 ரூபாய்.

அப்போ மாணவர்கள் என்ன செய்யலாம்? இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அங்கீகாரம் பெற்ற பாடி கட்டும் நிறுவனத்தில் பணியிடப் பயிற்சி எடுப்பது. அங்கே மாணவர் கட்டுவார், நிறுவனம் சோதித்துப் பொறுப்பேற்கும். இரண்டாவது, ரோட்டுக்குப் போகாத வேலையை எடுப்பது. ஐடிஐ வளாகத்துக்குள் இரும்பு இழுக்கும் தள்ளுவண்டி, அல்லது முழு அளவில் ஒரு மாதிரி ஃபிரேம். கற்றுக்கொள்ளும் பாடம் அதேதான்.

"எங்க வண்டிக்குப் பசங்களையே வச்சு சீப்பா கட்டிக்கலாம்" என்று யாராவது கேட்டால், ஐடிஐ சம்மதிக்கக் கூடாது. பெற்றோரும் சம்மதிக்கக் கூடாது.

பயிற்சி வேற, கூலி வேலை வேற

லீவு நாளில் "பட்டறைக்குப் போய் தொழில் கத்துக்கட்டும்" என்று அனுப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ல் வந்த திருத்தத்தின்படி, 14 வயது நிறையாதவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் அமர்த்தக் கூடாது. தொழில் பழகுநர் சட்டத்திலும் ஆபத்தான தொழிற்சாலைகள் சார்ந்த பிரிவுகளுக்குக் குறைந்தபட்ச வயது 18. ஐடிஐ-யில் ஆசிரியர் மேற்பார்வையில் பழகுவதும், பட்டறையில் ஆர்டருக்கு வேலை பார்ப்பதும் ஒன்று இல்லை.

கண்ணுக்கும் நுரையீரலுக்கும் என்ன ஆபத்து?

வெல்டிங் வெளிச்சத்தில் புற ஊதாக் கதிர் இருக்கிறது. வெறும் கண்ணால் பார்த்தால் உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, ராத்திரியில் கண்ணில் மணல் கொட்டின மாதிரி உறுத்தும், தண்ணீராக ஊற்றும். அப்போது கண்ணில் பால் விடுவது, உருளைக்கிழங்கை வெட்டி வைப்பது எல்லாம் வேண்டாம். கிருமி தொற்றினால் பார்வைக்கே ஆபத்து. கண் டாக்டரைப் பாருங்கள். சாதாரண ஆர்க் வெல்டிங்குக்கு 10-ம் எண் அல்லது அதற்கு மேல் அடர்த்தியுள்ள கண்ணாடி பொருத்திய முகக் கவசம் வேண்டும். கூலிங் கிளாஸ் உதவாது. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கும் இது பொருந்தும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வெல்டிங் புகையை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூடிய அறையில் வெல்டிங் வேண்டாம். புகை முகத்துக்கு நேராக வராத பக்கம் உட்காருங்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ தகடாக இருந்தால் இணைப்பு இடத்தில் பூச்சை நீக்கிவிட்டு வெல்டிங் வையுங்கள். அந்தப் புகையை இழுத்தால் சாயங்காலம் குளிரும் காய்ச்சலும் வரும்.

நைலான், பாலியஸ்டர் சட்டை வேண்டாம். தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். முழுக்கை பருத்திச் சட்டை, தோல் கையுறை, ஷூ கட்டாயம். செருப்போடு வெல்டிங் வைப்பவரை ஊரில் எங்கேயும் பார்க்கலாம். அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

சேருவதற்கு முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

ஐடிஐ எதுவாக இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் பட்டறையை நேரில் போய்ப் பாருங்கள். இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. எத்தனை வெல்டிங் மெஷின் ஓடுது? ஒரு மெஷினுக்கு எத்தனை பேர்?
2. ராடும் இரும்பும் மாணவருக்குப் போதுமான அளவு தருவீங்களா?
3. ஆர்க் மட்டுமா, சிஓ2 வெல்டிங்கும் உண்டா? பெரிய ஃபேப்ரிகேஷன் கம்பெனிகளில் சிஓ2-தான் அதிகம்.
4. அந்த 150 மணி நேரத்துக்கு எங்கே அனுப்புறீங்க, அல்லது என்ன புராஜெக்ட் செய்றீங்க?
5. மாணவர் வச்ச வெல்டை உடைச்சுப் பார்த்துக் காட்டுவீங்களா?

ஐந்தாவது கேள்விக்கு ஆசிரியர் சிரித்துக்கொண்டே, உடைந்த துண்டுகள் கிடக்கும் டப்பாவை எடுத்துக் காட்டினால் அது நல்ல பட்டறை. தைரியமாகச் சேரலாம்.